எச்-இண்டெக்ஸ் 40 என்றால் பெரிய விஞ்ஞானியா?

வருடா வருடம் ஒரு பட்டியல் வெளிவந்ததும் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்' என்று கல்லூரி வாசல்களில் பேனர் ஏறுகிறது, நாளிதழ்களிலும் படத்தோடு செய்தி வருகிறது. வடசென்னையில் பேனருக்குப் பஞ்சமில்லை என்றாலும் இந்தப் பேனரை மட்டும் மக்கள் நின்று படிக்கிறார்கள், படித்துவிட்டு என்னவென்று புரியாமல் போகிறார்கள். எங்கள் பக்கத்தில், கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும், எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி.க்குக் கைடு தேடும் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. அவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, இவருக்கு எச்-இண்டெக்ஸ் 40 போட்டிருக்கு, அவருக்கு 18தான் இருக்கு. யார்கிட்ட சேரலாம்?" ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைகளை மற்ற ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவு எடுத்தாண்டிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண்தான் எச்-இண்டெக்ஸ்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாது என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிக்கலாம். அதற்கு அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஆராய்ச்சியாளர் தான் செய்ததையும் கண்டதையும் எழுதி ஒரு ஜர்னலுக்கு, அதாவது ஆய்விதழுக்கு, அனுப்புகிறார். அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் அதைப் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, சரி என்றால் அது வெளியாகிறது. அதுதான் பேப்பர். ஒவ்வொரு பேப்பரின் கடைசியிலும், நான் இன்னின்ன பேப்பர்களின் மேல் நின்றுதான் இதைச் செய்தேன் என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரோ ஒருவர் தன் பட்டியலில் உங்கள் பேப்பரைச் சேர்த்தால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன். அவர் உங்கள் முறையைப் பயன்படுத்தியதால் சேர்த்திருக்கலாம், பாராட்டிச் சேர்த்திருக்கலாம், நீங்கள் சொன்னது தவறு என்று காட்டுவதற்காகவும் சேர்த்திருக்கலாம். எல்லாமே கணக்கில் ஒன்றுதான்.

இதை முறையாக எண்ண வழி செய்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. 1955ல் யோசனையை எழுதினார், 1964ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற தொகுப்பாகவே கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் முன்னால் இருந்த சிக்கல் தேடுவது. ஒரு பழைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யார் யார் தொடர்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும், அதற்கான கருவி அது. ஆட்களை வரிசைப்படுத்துவதும் மதிப்பெண் போடுவதும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இன்றைக்கும் சைட்டேஷன் மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை தேடிக்கொடுப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது எச்-இண்டெக்ஸ். ஒருவர் ஏழு பேப்பர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு வந்த சைட்டேஷன்களை அதிகத்திலிருந்து குறைவாக அடுக்கினால் 40, 25, 12, 6, 5, 3, 0 என்று இருக்கின்றன. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். நான்காவது பேப்பருக்கு 6, அதாவது 4க்கு மேல், சரி. ஐந்தாவதுக்கு 5, இதுவும் சரி. ஆறாவதுக்கு 3தான், 6 இல்லை, இங்கே நின்றுவிடுகிறது. ஆக இவருடைய எச்-இண்டெக்ஸ் 5. குறைந்தது ஐந்து சைட்டேஷனாவது வாங்கிய ஐந்து பேப்பர் இவரிடம் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். 40 என்றால் தலா 40 சைட்டேஷனாவது வாங்கிய 40 பேப்பர். பேப்பர்களைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் இதன் பக்கத்திலேயே ஐ10 என்று ஒன்று இருக்கும், அது பத்து சைட்டேஷனுக்குக் குறையாத பேப்பர்கள் எத்தனை என்ற எண்ணிக்கை. நம் ஆளுக்கு அது 3.

இந்தக் கணக்கை 2005ல் சொன்னவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருப்பவர். நிறைய எழுதிக் குவித்தாலும் யாரும் எடுத்தாளவில்லை என்றால் எண் ஏறாது, ஒரே ஒரு பேப்பர் அதிர்ஷ்டத்தில் ஓடினாலும் ஏறாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஏறும். இது நல்ல யோசனைதான். ஆனால் அதிலேயே குறையும் இருக்கிறது. ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு பேப்பர் எழுதி, அதை பத்தாயிரம் பேர் எடுத்தாண்டாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் 1. இன்னொன்று, இது ஏறுமே தவிர இறங்காது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் பழைய பேப்பர்களுக்கு சைட்டேஷன் வந்துகொண்டே இருக்கும், எண் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் 55 வயதுப் பேராசிரியரையும், பிஎச்.டி. முடித்து ஐந்து வருடம் ஆனவரையும், பிரசவத்துக்கும் குழந்தைக்கும் என்று சில வருடம் ஆய்வகத்தை விட்டிருந்த ஒரு பெண்ணையும் இந்த ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. எத்தனை வருடத்தில் வந்த எண் என்று கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, எந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்பது. சைட்டேஷனை எண்ணும் தரவுத்தளங்களில் முக்கியமாக கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று மூன்று இருக்கின்றன. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, புத்தகம் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், அதனால் அதில் எண் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களை வைத்தே முக்கியமாகக் கணக்குப் பார்க்கும். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் இருந்தால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒருவரின் ஸ்காலர் எண்ணையும் இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஜர்னலின் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று கேட்பான். ஒருமுறை அப்பா பெயரை விரித்து எழுதுவோம், ஒருமுறை வெறும் இனிஷியலைப் போடுவோம், கல்யாணத்துக்குப் பிறகு சிலர் கணவர் பெயரைப் போடுவார்கள். ஒரே ஆளின் பேப்பர்கள் மூன்று ஆட்களின் பெயரில் சிதறிவிடும். அதற்கு நேர்மாறாக, எஸ். குமார் என்று தேடினால் ஊரில் உள்ள குமார்கள் அத்தனை பேரின் பேப்பரும் ஒரே ஆளின் கணக்கில் ஏறி நிற்கும். 2012ல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இதற்காகத்தான். இலவசம். முதல் பேப்பர் அனுப்புவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரே மாதிரிதான் பெயர் எழுதுவேன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதைப் பத்து வருடம் கழித்துச் சரிசெய்வது பெரும்பாடு.

சரி, எந்த மாதிரிப் பேப்பருக்கு சைட்டேஷன் கொட்டும்? பெரிய கண்டுபிடிப்புக்குத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை வேறு மாதிரி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்காவுக்குப் போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925ல் ஒரு பேப்பர் எழுதினார். ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளப்பதற்கான முறை அது. அமிலம் சேர்ந்த கரைசலில் மாலிப்டேட் உப்பைப் போட்டால் பாஸ்பேட் அதோடு பிணைந்துகொள்ளும், அதை ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரான் சேர்த்தால், நீல நிறம் வரும், நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். வேதியியல் என்று பார்த்தால் எளிமையான விஷயம்தான். ஆனால் உயிரினங்களின் உடம்பில் எங்கே பார்த்தாலும் பாஸ்பேட் இருக்கிறது, எலும்பில் இருக்கிறது, டி.என்.ஏ.வில் இருக்கிறது, செல் தன் ஆற்றலைச் சேர்த்து வைப்பதும் பாஸ்பேட்டாகத்தான். அதனால் உயிரியல் ஆய்வகங்கள் பத்தாண்டு பத்தாண்டாக அந்த நீலத்தைப் பார்த்து அளந்தன, ஒவ்வொருமுறையும் ஃபிஸ்க்-சுப்பாராவ் என்று பட்டியலில் எழுதின. உயிர்வேதியியலில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட பேப்பர்களில் ஒன்றாக அது நின்றுவிட்டது. சுப்பாராவே அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் பாஸ்பேட் சேர்மங்களை நோக்கிப் போனார். வேதியியலில் பிறந்து உயிரியலில் வாழ்ந்த பேப்பர் என்று இதைச் சொல்லலாம்.

இதே கதைதான் 1951ல் ஆலிவர் லௌரி எழுதிய பேப்பருக்கும். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. 'நேச்சர்' இதழ் 2014ல், உலகிலேயே அதிகம் எடுத்தாளப்பட்ட 100 பேப்பர்களின் பட்டியலை வெப் ஆஃப் சயின்ஸ் கணக்கை வைத்து வெளியிட்டபோது முதலிடம் இதற்குத்தான், 3 லட்சத்துக்கும் மேல். இரண்டாவது, 1970ல் லேம்லி எழுதிய, புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறையோடு வந்த பேப்பர். மூன்றாவது 1976ல் பிராட்ஃபோர்டு, அதுவும் புரதத்தை அளப்பதுதான், சாயத்தை வைத்து. பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களைக் கேளுங்கள், இந்த மூன்று பெயரும் சொல்லாமல் ஒரு பிராக்டிகல் நோட்டு முடியாது. லௌரியே பின்னாளில், அது அப்படியொன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று தனக்குத் தெரியும், ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினார். 1953ல் வந்த டி.என்.ஏ. இரட்டைச் சுருள் பேப்பர் அந்த நூறில் இல்லவே இல்லை. இருபதாம் நூற்றாண்டு உயிரியலைத் தலைகீழாக மாற்றிய பேப்பர் அது.

ஆகவே சைட்டேஷன் அளப்பது பயன்பாட்டை. எத்தனை ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலைக்கு அதைத் தொட்டார்கள் என்பதை. கருவி, முறை, மென்பொருள், ஒரு துறை முழுவதையும் தொகுத்துச் சொல்லும் ரிவியூ கட்டுரை, இவைதான் அதிகமாகத் தொடப்படும். ஒருவருடைய பக்கத்தில் சைட்டேஷன் அள்ளியிருக்கும் முதல் மூன்று பேப்பரும் ரிவியூ என்றால், அவர் நன்றாகப் படித்துத் தொகுக்கிறார் என்று தெரிகிறது. அவருடைய சொந்தச் சோதனைகள் எப்படி என்பது இன்னும் கீழே இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

துறைக்குத் துறை ஒப்பிடக்கூடாது என்பதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விசைப்படகில் வாரக்கணக்கில் கடலில் இருந்து வந்தவரின் பிடியையும், விடியற்காலை ஃபைபர் படகில் போய் மதியம் திரும்பியவரின் பிடியையும் ஒரே தராசில் வைத்து யார் நல்ல மீனவர் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஹிர்ஷ் தன் 2005 கட்டுரையிலேயே இதைக் காட்டிவிட்டார். அன்றைக்கு இயற்பியலில் மிக உயர்ந்த எச்-இண்டெக்ஸ் எட்வர்டு விட்டனுக்கு, 110. உயிரியல் பக்கம் சாலமன் ஸ்னைடருக்கு 191. இதனால் ஸ்னைடர் விட்டனைவிடப் பெரிய விஞ்ஞானி என்று ஆகிவிடாது. உயிரியலிலும் மருத்துவத்திலும் ஆட்கள் அதிகம், பேப்பர்கள் அதிகம், ஒவ்வொரு பேப்பரின் கடைசிப் பட்டியலும் நீளம், அதனால் எல்லோருடைய எண்ணும் உயரம்.

வேதியியலுக்குள்ளேயும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. நானோ பொருட்கள், பேட்டரி, வினையூக்கி என்று எல்லோரும் ஓடும் பக்கம் ஓடினால் சைட்டேஷன் சீக்கிரம் வரும். ஒரு சிக்கலான இயற்கை மூலக்கூறை இருபது முப்பது படிகளில் கட்டியெழுப்புகிறவர் பல வருடம் உழைத்து ஒரு பேப்பர் போடுவார், அதே மூலக்கூறை மறுபடி கட்டப்போகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? உயிரியலிலும் அப்படித்தான். புற்றுநோய் செல்லை வைத்து வேலை செய்பவரின் எண்ணும், முகத்துவாரத்து நண்டுகளை இனம் பிரித்துப் பெயர் வைப்பவரின் எண்ணும் கிட்டவே வராது. அந்தப் பெயரை அடுத்த நூறு வருடம் எல்லோரும் எழுதுவார்கள், ஆனால் பெயர் வைத்த பேப்பரைப் பெரும்பாலும் யாரும் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள், அதுதான் அந்தத் துறையின் வழக்கம்.

இரண்டு துறைக்கும் நடுவில் நிற்பவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கினார், செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டார், 2009ல் நோபல் கிடைத்தது வேதியியலுக்கு. 2012ல் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை பற்றிய பேப்பரை எழுதிய டௌட்னாவுக்கும் ஷார்பென்டியேவுக்கும் 2020ல் கிடைத்ததும் வேதியியல் நோபல்தான், ஆனால் அந்தப் பேப்பரை எடுத்தாள்பவர்களில் பெரும்பகுதி மரபணுவோடு வேலை செய்பவர்கள். இப்படி எல்லையில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு பக்கத்து வாசகர்களும் கிடைப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் அதில் எவ்வளவு உயிரியல் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் ஒரு சுத்தமான கனிம வேதியியலாளரோடு ஒப்பிடலாமா என்றே யோசிக்கலாம்.

பெயர் வரிசையும் முக்கியம். உயிரியலில் பொதுவாக முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது, நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள். வேதியியலில் நட்சத்திரக் குறி போட்ட பெயரைத் தேடுங்கள், கடிதத் தொடர்புக்கு உரியவர் அவர்தான், பெரும்பாலும் அந்த வேலைக்குப் பொறுப்பும் அவருடையது. பதினைந்து பேரில் ஒன்பதாவது ஆளாக இருந்தாலும் சைட்டேஷன் முழுசாக வந்து சேரும், எச்-இண்டெக்ஸ் பங்கு பிரித்துப் பார்க்காது. அதனால் ஒருவருடைய முதல் பத்துப் பேப்பரில் அவர் பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஐந்து நிமிடம் பார்த்தாலே நிறைய புரிந்துவிடும்.

இதோடு இம்பாக்ட் ஃபேக்டர் என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஜர்னலுக்கான எண், ஆளுக்கானது இல்லை. ஒரு ஜர்னல் கடந்த இரண்டு வருடத்தில் போட்ட பேப்பர்களுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை சைட்டேஷன் வந்தது என்பதுதான் அது. சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு வேதியியல் பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம் உண்டு. படிகங்களின் அமைப்பைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008ல் 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' ஜர்னலில் எழுதினார். அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அதை எடுத்தாண்டார்கள். 2 அளவில் இருந்த அந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2009ல் கிட்டத்தட்ட 50 ஆகிவிட்டது. அதே ஜர்னலில் அந்த வருடம் எழுதிய மற்றவர்களின் பேப்பர் ஒன்றும் மாறிவிடவில்லை. கணக்கில் எடுக்கும் ஆண்டுகளைத் தாண்டியதும் எண்ணும் பழையபடி இறங்கிவிட்டது. பெரிய ஜர்னலில் வந்ததாலேயே ஒரு பேப்பர் பெரியது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஜர்னலின் எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் ஒரு பிரகடனமே எழுதி, டோரா என்ற பெயரில் அதில் உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கிவருகிறார்கள்.

இனி, எண்ணில் ஏறாத வேலைகள். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன் (நோபல் வாங்கியவர் இல்லை, வேறு ஒருவர்), வி. சசிசேகரன் மூவரும் 1963ல் ஒரு வரைபடம் போட்டார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம், அதில் எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது என்று காட்டும் வரைபடம். இன்றைக்கு உலகில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்துப் பொதுத் தரவு வங்கியில் போட்டாலும், அது சரியாக இருக்கிறதா என்று ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். பேப்பருக்கு சைட்டேஷன் நிறையவே உண்டு, ஆனால் பயன்பாட்டோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம்தான். பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் அதற்கப்புறம் யாரும் மூலத்தைப் பட்டியலில் எழுதுவதில்லை.

கல்கத்தாவின் சம்புநாத் டே கதை இன்னும் மனசைக் கஷ்டப்படுத்தும். காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சுதான் குடலைப் பாதிக்கிறது என்று 1959ல் 'நேச்சர்' இதழில் காட்டினார். பல வருடம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1986ல் அதே கார்ஃபீல்டு, சைட்டேஷன் வரைபடத்தைப் போட்டுப் பார்த்து, காலரா ஆராய்ச்சிக்கே திருப்புமுனை இந்த மனிதர்தான் என்று எழுதினார். டே அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். எண் வரும், ஆனால் ஆள் இருக்கும்போதே வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

இதே சென்னையில், சேத்துப்பட்டில், 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். காசநோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்தால்தான் குணமாகுமா, அல்லது நெருக்கடியான வீட்டில், நல்ல சாப்பாடு இல்லாமல் இருந்தாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதுமா? நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றை சானடோரியத்திலும் இன்னொன்றை வீட்டிலும் வைத்து, இரண்டுக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள், அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஜர்னலில் அது வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை முறை மாறியதற்கு அது பெரிய காரணம். அந்தப் பேப்பரின் சைட்டேஷனை எண்ணி யாராவது அதை மதிப்பிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

நம் வாசலுக்கே வருகிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் கழிவு படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. அங்கே பிடிக்கிற இறாலிலும் நண்டிலும் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று ஒருவர் வருடம் முழுக்கச் சேற்றில் இறங்கி மாதிரி எடுத்து அளக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வேதியியலும் உயிரியலும் சேர்ந்த வேலை. எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி எழுதுபவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான், அதனால் சைட்டேஷனும் கொஞ்சம்தான் வரும். ஆனால் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு, வழக்கு என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் நின்றால் கையில் பிடித்துக்கொள்ள அந்த அளவுகள் வேண்டும். இப்படி ஒரு கைடு உங்களுக்குக் கிடைத்து, அவருடைய எச்-இண்டெக்ஸ் 12 என்று இருந்தால், தயவுசெய்து அந்த 12ஐப் பார்த்து ஓடிவிடாதீர்கள்.

எண்ணை ஊதிப் பெருக்கும் வழிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பழைய பேப்பர்களையே ஒவ்வொரு பேப்பரிலும் சேர்ப்பது ஒன்று. தொடர்ச்சியான வேலை என்றால் அதில் கொஞ்சம் இயல்பு, ஆனால் சைட்டேஷனில் பெரும்பகுதி தானே தனக்குப் போட்டது என்றால் சந்தேகப்படலாம். ஒரு குழுவாகச் சேர்ந்துகொண்டு நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன் என்பது இன்னொன்று. சரியாகப் பரிசீலிக்காமல் காசு வாங்கிக்கொண்டு சில நாட்களிலேயே வெளியிட்டுவிடும் ஜர்னல்கள் மூன்றாவது. காசு கேட்பதால் மட்டும் ஒரு ஜர்னல் போலி ஆகிவிடாது, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல ஜர்னல்களும் கட்டணம் வாங்குகின்றன. உண்மையிலேயே யாராவது படித்துக் குறை சொல்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிஎச்.டி. ஆய்வேடு சமர்ப்பிக்க பேப்பர் கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022லேயே எடுத்துவிட்டது, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கின்றன. அந்த அவசரத்தில் இந்த வலையில் விழுந்துவிடாதீர்கள், வீட்டில் அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த காசு அது.

அந்த 2 சதவீதப் பட்டியலுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் தரவுகளை வைத்துத் தயாரிப்பது அது. மொத்த சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர்களைக் கணக்கில் எடுத்து அதைத் திருத்திய வேறொரு எண், தனியாக எழுதியது, முதல் பெயராக, கடைசிப் பெயராக எழுதியது என்று ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள், துறை துறையாகவும் பிரிக்கிறார்கள், சுய சைட்டேஷனை நீக்கியும் காட்டுகிறார்கள். வெறும் எச்-இண்டெக்ஸைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதில் இரண்டு பட்டியல் உண்டு, ஒன்று வாழ்நாள் முழுமைக்கும், இன்னொன்று ஒரே ஒரு வருடத்துக்கு. பேனரில் எது என்று போட்டிருக்க மாட்டார்கள். இது பரிசும் இல்லை, யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பட்டமும் இல்லை, ஒரு கணக்கீட்டின் விடை. பட்டியல் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்று பொதுவில்தான் இருக்கிறது, பெயரைத் தேடி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக 40ஆ 18ஆ என்று கேட்ட தம்பிக்கு நான் சொன்னது இது. இரண்டு பேரும் எந்த வருடம் முதல் பேப்பர் போட்டார்கள் என்று பார். இரண்டு பேரும் ஒரே உட்துறையா என்று பார். கடந்த ஐந்து வருடத்துப் பேப்பர்களை மட்டும் எடு, அதில் முதல் பெயர் யாருடையது, அவர்களிடம் படித்த மாணவர்களுடையதா என்று பார், ஏனென்றால் நாளைக்கு அந்த இடத்தில் வரவேண்டியது உன் பெயர். அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, முடிந்தால் ஒருவருக்காவது மெயில் போட்டு, எத்தனை வருடத்தில் முடித்தீர்கள் அக்கா, ஃபெலோஷிப் ஒழுங்காக வந்ததா, கைடு பேப்பரைத் திருத்திக் கொடுப்பாரா என்று கேள். அப்புறம் இருவரின் பக்கத்திலிருந்தும் உனக்குப் பிடித்த ஒரு பேப்பரை எடுத்து, கீழே 'சைட்டட் பை' என்று இருப்பதைத் தட்டு. யார் யார் எடுத்தாண்டிருக்கிறார்கள், எந்த ஊர்க்காரர்கள், அதை வைத்து என்ன செய்தார்கள் என்று நான்கைந்து பேப்பரைத் திறந்து படி. பாதி புரியாது, பரவாயில்லை. அதில் எந்த வேலையைப் பார்க்கும்போது நாமும் இதைச் செய்யலாமே என்று உனக்குத் தோன்றுகிறதோ, நேர்காணலில் அதைப் பற்றிக் கேள்.